பட்டைப்பேனா, சில்லிட்டா? பொடிப்பூச்சியை முகம் பார்த்துப் பிரிக்கும் செய்முறை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளின் தண்டிலும் பக்கத்து மரங்களின் பட்டையிலும் 2 முதல் 4 மி.மீ. நீளத்தில் பழுப்புநிறப் பூச்சிகள் தென்படும். இறக்கையை ஓட்டுக்கூரை போல இருபுறமும் சரித்து மூடி உட்கார்ந்திருக்கும். வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே சாதி. ஆனால் அதில் ஒன்று சில்லிட். இளந்தளிரின் சாற்றை உறிஞ்சும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை மெல்லச் சாகடிக்கும் கிரீனிங் நோயின் பாக்டீரியாவைச் செடிக்குச் செடி கடத்தும். மற்றொன்று பட்டைப்பேன். பட்டைமேல் படிந்த பாசி, பூஞ்சை, இவை இரண்டும் சேர்ந்து வாழும் லைக்கன் இவற்றைச் சுரண்டித் தின்று பிழைக்கும். மரத்துக்கு அதனால் ஒரு தீங்கும் கிடையாது.

பட்டைப்பேனைச் சில்லிட் என்று எண்ணி மருந்தடித்தால் காசும் போகும், நன்மை செய்யும் பூச்சிகளும் போகும். சில்லிட்டைப் பட்டைப்பேன் என்று விட்டுவிட்டால் மரமே போகும். இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றுதான்: மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் இறக்கைப் புள்ளிகளைப் பார்த்துப் பெயர் சொல்லிவிடுவது. இறக்கைப் புள்ளி இரண்டாம் கட்டத்துக்கான அடையாளம். முதலில் பார்க்க வேண்டியது முகம், அதுவும் பக்கவாட்டில்.

பேன் என்ற பெயரால் யாரும் பதற வேண்டாம். தலைப்பேனும் பட்டைப்பேனும் ஒரே மூதாதை வழி வந்தவை என்பதால் இன்று இரண்டையும் சோகோடியா என்ற ஒரே வரிசையில் வைக்கிறார்கள். உறவு அந்த அளவோடு சரி. பட்டைப்பேனுக்கு ஆளைக் கடிக்கவும் தெரியாது, இரத்தம் குடிக்கவும் தெரியாது. இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் ஐயாயிரத்துக்கும் மேல்.

வேண்டிய பொருட்கள்

10 மடங்கு கைலென்ஸ் கட்டாயம். 20 மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்று. ஓவியத் தூரிகை, 0 அல்லது 00 எண். வெள்ளைத் துணி ஒரு மீட்டர் சதுரம், அல்லது உள்பக்கம் வெளிர்நிறமுள்ள குடை. அரை மீட்டர் நீளக் குச்சி. 0.5 மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல். மூடி இறுக்கமாக உள்ள 5 மி.லி. கண்ணாடிக் குப்பிகள் ஒரு பத்து. எச்.பி. பென்சில், தடித்த தாள்.

பதப்படுத்த 80 சதவீத எத்தனால் சிறந்தது. தனிநபருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். 80 மி.லி.யோடு 20 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் ஏறக்குறைய 80 சதவீதம். கலக்கும்போது பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் உடல் கொழகொழத்து அழுகும். 95 சதவீதத்துக்கு மேல் போனால் விறைத்துப்போய், தொட்டவுடன் கால்கள் உதிரும். கை கழுவும் சானிடைசர் ஜெல்லை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள பசைப்பொருள் இறக்கையில் ஒட்டிக்கொண்டு நரம்புகளை மறைத்துவிடும்.

பூச்சியை வாயால் உறிஞ்சிப் புட்டிக்குள் பிடிக்கும் உறிஞ்சுகுழாயை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 30 மி.லி. கண்ணாடிப் புட்டி, அதற்குப் பொருந்தும் ரப்பர் கார்க், கார்க்கில் இரண்டு துளை, 6 மி.மீ. தெளிந்த பிளாஸ்டிக் குழாய் இரண்டு துண்டு. 15 செ.மீ. துண்டு பூச்சிப் பக்கம், 40 செ.மீ. துண்டு வாய்ப் பக்கம். வாய்ப் பக்கக் குழாயின் புட்டிக்குள் இருக்கும் முனையில் நைலான் வலைத்துணியை இரட்டையாகக் கட்ட வேண்டும். வலையைப் பூச்சிப் பக்கக் குழாயில் கட்டிவிடுவது முதல்முறை செய்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. பூச்சி நேராகத் தொண்டைக்குப் போகும். புட்டிக்குள் ஒரு விரல் அகலத்துக்கு டிஷ்யூ தாள் போட்டு வையுங்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியில் வேர்த்து, அதில் பூச்சியின் இறக்கை ஒட்டிக்கொண்டால் மாதிரி கெட்டது. பூஞ்சை பிடித்த அரிசி மூட்டை, பழைய புத்தக அலமாரி போன்ற இடங்களில் வாயால் உறிஞ்சவே கூடாது; அங்கே ஈரத் தூரிகைதான்.

பிடிப்பது

பட்டைப்பேன் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. இடத்துக்கு ஓர் இனம். அடிமரப் பட்டையில் ஒன்று, பச்சை இலையின் அடியில் ஒன்று, மரத்திலேயே காய்ந்து தொங்கும் இலையில் வேறொன்று. பலரும் அடிமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தென்னையில் காய்ந்து தொங்கும் மட்டை, வாழையில் சாய்ந்து தொங்கும் சருகு இவற்றைத் தட்டிப் பாருங்கள். அடிமரத்தில் ஒருநாளும் பார்க்க முடியாத இனங்கள் விழும்.

துணியைக் கிளைக்கு அடியில் பிடித்துக்கொண்டு குச்சியால் சுருக்கென்று இரண்டு மூன்று தட்டு. ஓங்கி அடித்தால் குப்பைதான் அதிகம் விழும். விழுந்தவுடன் அரை நிமிடம் எதையும் தொடாமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் நடத்தையே பாதி அடையாளம் சொல்லிவிடும். சில்லிட் பின்னங்காலால் உந்தி ஒரே தாவலில் காணாமல் போகும். ஸ்பிரிங்டெயில் வயிற்றடியில் மடித்து வைத்திருக்கும் வாலை விடுவித்து, எந்தத் திசை என்றில்லாமல் தெறிக்கும். இலைப்பேன் வால்நுனியை மேலே தூக்கும். அசுவினி அசமந்தமாக நகரும். பட்டைப்பேன் ஓடும். விட்டு விட்டு ஓடும், சட்டென்று நிற்கும், பக்கவாட்டில் நகரும், பின்னாலும் நடக்கும். இறக்கை இருந்தாலும் பறப்பதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளும். சில இனங்கள் சின்னதாகத் துள்ளவும் செய்யும். அதனால் துள்ளியதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

மரத்தண்டில் இளம்பூச்சிகள் இருபது முப்பது சேர்ந்து மந்தையாக மேய்வதைப் பார்க்கலாம். விரலை அருகே கொண்டுபோனால் மந்தை கலைந்து நாலாபக்கமும் ஓடும், சற்று நேரத்தில் மறுபடி கூடும். சாறு உறிஞ்சும் பூச்சிக் கூட்டம் இப்படிச் செய்யாது. ஊசிவாயைத் திசுவுக்குள் இறக்கி வைத்திருப்பதால் அவசரமாகக் கிளம்ப அதனால் முடியாது.

பிடித்ததை உடனே ஆல்கஹாலில் போடாதீர்கள். தோலுக்கடியில் இருக்கும் மஞ்சள், சிவப்பு நிறங்கள் ஆல்கஹாலில் சீக்கிரமே வெளுத்துவிடும், பிறகு எந்த மருந்தாலும் திரும்பாது. உயிரோடு படம் எடுப்பது முதல் வேலை. குப்பியோடு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 5 நிமிடம் வைத்தால் பூச்சி மந்தமாகும். ஃபிரீசர் வேண்டாம். வெளியே எடுத்தபின் ஒன்றிரண்டு நிமிடமே அவகாசம் கிடைக்கும். கேமராவையும் விளக்கையும் முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கடைசித் தோலை அப்போதுதான் உரித்து வந்த பெரிய பூச்சியின் இறக்கை வெளுப்பாக, புள்ளியே இல்லாமல் இருக்கும். அதைப் புள்ளியில்லாத வேறு இனம் என்று எழுதிவிடுவது எளிது. உடல் பால்போல வெளுத்திருந்தால் அது பிடிபட்ட பட்டையிலேயே ஒரு துண்டு வைத்து, கசிவாக நனைத்த தாள் ஒன்றும் போட்டு, 24 மணி நேரம் உயிரோடு வைத்திருங்கள். நிறம் ஏறிய பிறகு படம் எடுக்கலாம். தாள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பூச்சி ஒட்டிக்கொண்டு சாகும்.

முகம்

பக்கவாட்டில் பூச்சியைத் திருப்பி, 20 மடங்கு லென்ஸில் தலையை மட்டும் பாருங்கள். பட்டைப்பேனின் கண்களுக்குக் கீழே முகம் புடைத்துக்கொண்டு முன்னால் தள்ளியிருக்கும். வாய்நிறையச் சோற்றை அடைத்துக்கொண்ட குழந்தையின் கன்னம்போல. அந்தப் புடைப்புக்குள் இருப்பது உணவை அரைக்க உதவும் தசைகள். பல இனங்களில் புடைப்பின் மேல் பழுப்புக் கோடுகள் வரிசையாக ஓடும். அதற்கும் கீழே கடிக்கும் தாடைகள். தாடைகளுக்கு இடையே உளி போன்ற மெல்லிய குச்சி ஒன்று இருக்கிறது. மேயும்போது பட்டையில் ஊன்றிக்கொள்ள அது உதவுகிறது. உயிரோடு இருக்கும் பூச்சியில் குச்சி தெரியாது, உடலைத் தெளியவைத்தால்தான் தெரியும்.

சில்லிட்டிடம் இந்தத் தாடை கிடையாது. தலையின் அடியிலிருந்து ஒரு குட்டையான ஊசிவாய் முன்னங்கால்களுக்கு நடுவில் பின்னோக்கிக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் இது ஒருபோதும் தெரியாது, அதனால்தான் பக்கவாட்டுப் படம் கேட்பது. கண்ணாடிச் சில்லின்மேல் பூச்சியை விட்டு அடியிலிருந்து பார்ப்பது இன்னும் சுலபம்.

அடுத்தது உணர்கொம்பு. பட்டைப்பேனுடையது நூல்போல மெலிந்து, உடல் நீளத்துக்கே வரும். சிலவற்றில் அதையும் தாண்டும். சில்லிட்டுக்கு 10 கணுக்கள், நுனிக் கணுவில் இரண்டு முட்கள். சிட்ரஸ் சில்லிட்டில் உணர்கொம்பு குட்டை, நுனி மட்டும் கருப்பு. உட்காரும் விதமும் உதவும்: சிட்ரஸ் சில்லிட் தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி, ஏறக்குறைய 45 பாகை சாய்வில் முள் குத்தியதுபோல நிற்கும். பட்டைப்பேன் பட்டையோடு பட்டையாகப் படிந்திருக்கும்.

முகப்புடைப்பு, தாடை, நீள உணர்கொம்பு மூன்றும் ஒருசேர இருந்தால் பட்டைப்பேன் என்று தயங்காமல் எழுதலாம். மூன்றில் ஒன்று மட்டும் தெரிந்தால் இன்னொரு படம் எடுங்கள். உணர்கொம்பு பிடிக்கும்போதே ஒடிந்துபோவது அன்றாடம் நடப்பது. ஒடிந்த கொம்பு குட்டைக் கொம்பாகத் தெரியும், அதை நம்பி ஏமாறக் கூடாது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீளம் வேறுபட்டால் ஒன்று ஒடிந்தது.

இளம்பூச்சிகளைப் பிரிப்பது இதைவிட எளிது. சிட்ரஸ் சில்லிட்டின் குஞ்சு தட்டையானது, மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம், கண் சிவப்பு, பெரிய இறக்கை மொட்டு, பின்புறம் வெள்ளை மெழுகு நூல். இருப்பது தளிரில் மட்டுமே. பட்டைப்பேனின் குஞ்சுக்குத் தலை பெரிது, வயிறு உருண்டை, கொம்பு நீளம், மெழுகு இல்லை. சில இனக் குஞ்சுகள் தம்மேல் பட்டைத்தூளை ஒட்டவைத்துக்கொண்டு ஒரு குப்பைத்துணுக்கு நடந்துபோவதுபோல இருக்கும்.

இலையில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சில்லிட்டும் அசுவினியும் தேன்கழிவை விடும், அதன்மேல் கரும்பூஞ்சை படரும். அந்தக் கரும்பூஞ்சையை மேயப் பட்டைப்பேனும் வந்து சேரும்! அதனால் ஒரே செடியில் இரண்டும் இருப்பது வழக்கம். பட்டைப்பேன் ஒன்றைப் பார்த்துவிட்டு இந்தச் செடியில் சில்லிட் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குறைந்தது பத்துப் பூச்சியாவது பார்த்த பிறகு சொல்லுங்கள். தளிரையும் தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

மற்ற ஒப்புப்போலிகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அசுவினிக்கு வயிற்றின் பின்பக்கம் இரண்டு புகைபோக்கிக் குழல்கள் இருக்கும். வெள்ளை ஈ உடலெங்கும் மாவு பூசியிருக்கும். இலைப்பேனின் இறக்கை, குச்சியைச் சுற்றி மயிர் வைத்துத் தைத்ததுபோல இருக்கும். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே அளவு, முதுகில் தட்டையாகப் படியும், கொம்பு மணிகோத்தது போலிருக்கும். பட்டைப்பேனின் பின்னிறக்கை முன்னிறக்கையைவிடச் சிறியது. எட்டுக் கால் இருந்தால் அது பூச்சியே இல்லை, சிலந்திப்பேன் வகை.

உண்மையில் குழப்புவது செதில் இறக்கை உள்ளவை. லெபிடோப்சோசிடே குடும்பத்துப் பட்டைப்பேன்களின் இறக்கை கூர்நுனியோடு, அந்துப்பூச்சிபோலச் செதில் போர்த்தியிருக்கும். விரலில் பொடி ஒட்டும். குட்டி அந்து என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அந்துக்கு வாய் சுருட்டிய உறிஞ்சுகுழல், இதற்குத் தாடை. உணர்கொம்பில் 20 கணுவுக்கு மேல் இருக்கும். இந்தச் செதிலை ஈரத் தூரிகை ஒரே இழுப்பில் வழித்தெடுத்துவிடும், ஆகையால் இவற்றை உறிஞ்சுகுழாயால்தான் பிடிக்க வேண்டும்.

இறக்கை நரம்பு

பட்டைப்பேன் என்று உறுதியான பிறகுதான் இறக்கை. குடும்பப் பெயர் இங்கே கிடைக்கும். பெரிய பூச்சியின் முன்னிறக்கை ஒன்றை அடியோடு ஊசியால் பிரித்து, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி ஆல்கஹாலில் மிதக்கவிடுங்கள். துளி காயும்போது இறக்கை தானாகவே விரியும். விரியாமல் மடிந்தால் இன்னொரு துளி விட்டுத் தூரிகை நுனியால் நீவலாம். காய்ந்ததும் 18 மி.மீ. மூடுகண்ணாடியை வைத்து நான்கு மூலையிலும் நிறமில்லா நகப்பூச்சு. கிளிசரினில் வைக்க விரும்பினால் முதலில் ஆல்கஹாலில் நனைத்துவிட்டு வையுங்கள். உலர்ந்த இறக்கையை நேராகக் கிளிசரினில் போட்டால் காற்றுக்குமிழி அடியில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. மைக்ராஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஃபோல்ட்ஸ்கோப் போதும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014இல் வெளிக்கொண்டுவந்த அந்தக் காகித மைக்ராஸ்கோப்பின் 140 மடங்கில் நரம்பின்மேல் உள்ள மயிர்கூடத் தெரியும்.

முன்னிறக்கையின் மேல்விளிம்பில், நுனிக்குச் சற்று முன்னால், தடித்த நிறத்திட்டு ஒன்று இருக்கும். அதற்கு நேர் எதிரே, கீழ்விளிம்பில், ஒரு வளைந்த நரம்பு சின்ன அறை ஒன்றை அமைக்கும். பின்ஓர அறை என்று இங்கே சொல்கிறேன். இந்த ஓர் அறையைச் சரியாகப் படித்தால் நம் தோட்டத்தில் கிடைக்கும் பெரும்பாலானவற்றுக்குக் குடும்பம் சொல்லிவிடலாம்.

அறை இருந்து, அதன் உச்சி மேலே உள்ள நடுநரம்போடு ஒட்டியிருந்து, இறக்கையில் மயிர் இல்லாமல், பாதத்தில் இரண்டு கணு இருந்தால் சோசிடே. அடிமரத்தில் மேயும் பெரிய உருவங்கள் பெரும்பாலும் இவைதான். எல்லாம் அப்படியே இருந்து பாதத்தில் மூன்று கணு, இறக்கையில் பொட்டுப் பொட்டான கலவை நிறம் என்றால் மயோப்சோசிடே. அறை இருந்தும் நடுநரம்பைத் தொடாமல் தனித்து நின்று, நரம்புகளில் மயிர் இருந்து, பச்சை இலையில் கிடைத்திருந்தால் கேசிலியூசிடே பக்கம் போகலாம். அறையே இல்லாவிட்டால் நிறத்திட்டைப் பாருங்கள்: செங்கல்போல நீள்சதுரமாக இருந்தால் எக்டோப்சோசிடே, இவை காய்ந்த சருகில் குடியிருப்பவை, அப்படி இல்லாவிட்டால் பெரிப்சோசிடே.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சில்லிட்டின் இறக்கையிலும் கீழ்விளிம்பில் ஏறக்குறைய இதே இடத்தில் ஒரு சிறு அறை உண்டு. முகம் பார்க்காமல் இறக்கையிலிருந்து தொடங்கியவர்கள் இந்த அறையைப் பார்த்து ஏமாறுகிறார்கள். தப்பிக்க வழி இறக்கை உடலோடு சேரும் அடிப்பகுதியில் இருக்கிறது. சில்லிட்டில் முக்கிய நரம்புகள் ஒரே தண்டாகக் கிளம்பி, பிறகுதான் கிளைபிரியும். நடுநரம்பு முனையில் ஒரே ஒரு கவையாகப் பிரியும். மேல்விளிம்பில் தடித்த திட்டும் பட்டைப்பேனில் இருப்பதுபோல எடுப்பாக இராது.

பாதக் கணு எண்ணுவதற்கு முழுதாய் வளர்ந்த பெரிய பூச்சி வேண்டும். எல்லாப் பட்டைப்பேன் குஞ்சுக்கும் பாதத்தில் இரண்டே கணு. மூன்று கணு இனத்திலும் மூன்றாவது வளர்ந்த பிறகே வரும். குட்டை இறக்கைப் பெண்கள் சில இனங்களில் உண்டு, அவற்றைக் குஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். குஞ்சின் இறக்கை மொட்டு தடித்து, நரம்பின்றி, மங்கலாக இருக்கும். குட்டை இறக்கையில் நரம்பு தெரியும்.

தெளியவைப்பது

வாயின் உளிக்குச்சியையும் வயிற்றுநுனி அமைப்பையும் பார்க்க வேண்டுமானால் உடலைத் தெளியவைக்க வேண்டும். 1 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, நீர் சேர்த்து மொத்தம் 10 மி.லி. கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. இறக்கைகளையும் ஒரு பக்கத்துக் கால்களையும் முன்பே பிரித்துத் தனியாக வைத்துவிட்டு, உடலை மட்டும் அறைவெப்பத்தில் ஊறவிடுங்கள். 6 மணி நேரத்தில் எட்டிப் பாருங்கள், 12 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். சீக்கிரம் ஆகட்டும் என்று சூடாக்கினால் இவ்வளவு மெல்லிய உடல் கூழாகிவிடும். தெளிந்ததும் நீரில் இரண்டு முறை, ஒரு சொட்டு வினிகர் கலந்த நீரில் ஒரு முறை அலசி, கிளிசரினுக்கு மாற்றுங்கள். மூடுகண்ணாடியை நேராக வைத்தால் தலை நசுங்கும். இரண்டு பக்கமும் மூடுகண்ணாடித் துணுக்குகளை முட்டுக்கொடுத்து அதன்மேல் வையுங்கள்.

இனப்பெயர் பெரும்பாலும் இந்த வயிற்றுநுனி உறுப்புகளை வைத்தே முடிவாகிறது. ஆகவே செல்போன் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இனம்வரை எழுதிவிடுவதை நான் ஏற்பதில்லை. குடும்பத்தோடு நிறுத்துவது நேர்மையான பதிவு.

வீட்டுக்குள் கிடைப்பவை

அரிசி டப்பாவின் விளிம்பு, புத்தக முதுகு, மழைக்காலச் சுவர் இவற்றில் ஓடும் 1 மி.மீ. அளவுள்ள இறக்கையில்லாப் பூச்சி பெரும்பாலும் புத்தகப்பேன், அதாவது லைபோசெலிஸ். தட்டை உடல், வெளிர்ப்பழுப்பு, பின்னந்தொடை மட்டும் உடலுக்குப் பொருந்தாமல் பருத்திருக்கும். அந்தத் தொடையே போதுமான அடையாளம். இதை மூட்டைப்பூச்சிக் குஞ்சு என்று நினைத்து மெத்தையைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. மூட்டைப்பூச்சியின் முதல்நிலைக் குஞ்சு 1.5 மி.மீ., அகன்ற முட்டைவடிவ உடல், 4 கணுக் குட்டைக் கொம்பு, அடியில் ஊசிவாய். புத்தகப்பேனின் கொம்பு நூல்போல நீளம், 15 கணு.

லைபோசெலிஸ் பாஸ்ட்ரிகோஃபைலா என்ற இனத்தில் பெரும்பாலும் பெண் மட்டுமே. ஆண் துணையில்லாமலே முட்டை பொரிந்து பெருகும். ஒன்று தப்பினாலும் மறுபடி கூட்டம் வருவது இதனால்தான். இதன் பலவீனம் ஈரம். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி உயிர்வாழும் இந்த உடல், ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் நீரிழந்து காயும். கண்ணால் பார்க்க வேண்டுமா? இறுக மூடும் இரண்டு டப்பா எடுங்கள். ஒன்றில் கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குச் சமையல் உப்பு போட்ட நீர், அது காற்றை 75 சதவீதத்தில் வைக்கும். மற்றதில் அதேபோல மக்னீசியம் குளோரைடு, அது 33 சதவீதத்தில் வைக்கும். மேலே வலைத்தட்டில் கொஞ்சம் உடைந்த அரிசியோடு இருபது இருபது பூச்சி விடுங்கள். உப்பு நீர் பூச்சிமேல் தெறித்தால் சோதனை கெட்டது. டப்பாவை அசைக்கக் கூடாது. முதல் டப்பாவில் பூச்சி நடமாடிக்கொண்டே இருக்கும், இரண்டாவதில் நாளுக்கு நாள் குறையும். அரிசியை வெயிலில் காயவைத்து, காற்றுப்புகாத டப்பாவில் வைத்தாலே போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஒரு மாதிரி, தொடக்கம் முதல் முடிவு வரை

புளியமரத்து அடிமரத்தில் எடுத்த ஒன்றை இந்த வரிசையில் நடத்திப் பார்ப்போம். பக்கவாட்டுப் படத்தில் முகம் புடைத்திருக்கிறது, புடைப்பில் மெல்லிய கோடுகள், ஊசிவாய் இல்லை. கொம்பு இரண்டும் சம நீளம், முன்னிறக்கை அளவுக்கு வருகிறது. எண்ணினால் 13 கணு. பட்டைப்பேன் என்பது முடிந்தது.

அளவுக்கு, அதே உயரத்தில் அதே லென்ஸால் ஸ்டீல் ஸ்கேலையும் படம் எடுத்தாயிற்று. ஸ்கேல் படத்தில் 1 மி.மீ.க்கு 240 பிக்சல். முன்னிறக்கை 684 பிக்சல், ஆக 2.85 மி.மீ. லென்ஸை ஒருமுறை கழற்றி மாட்டினாலும் இந்தக் கணக்கு செல்லாது, ஸ்கேலை மறுபடி படமெடுக்க வேண்டும்.

இறக்கையைப் பிரித்து விரித்தால் மயிர் இல்லை. பின்ஓர அறை இருக்கிறது, உச்சி நடுநரம்போடு ஒட்டியிருக்கிறது. பாதக் கணுவை எண்ணும்போது முதலில் மூன்றுபோலத் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழுள்ள நீள எலும்புபோன்ற பகுதியின் நுனி முள்ளைக் கணுவாக எண்ணியதால் வந்த பிழை. காலைத் திருப்பிப் போட்டு வெளிச்சத்தை அடியிலிருந்து விட்டதும் இரண்டு என்று தெளிவானது. நுனியிலிருந்து, நகத்தின் பக்கமிருந்து எண்ணத் தொடங்கினால் இந்தக் குழப்பம் வராது. குடும்பம் சோசிடே.

குப்பிக்குள் போகும் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்து ஒரே நாளில் வெறும் தாளாகிவிடும். சீட்டில் எழுதியது: சோசிடே, பெரிய பூச்சி, புளியமரப் பட்டை, தரையிலிருந்து 1.4 மீட்டர், வடக்குப் பக்கம், லைக்கன்மேல், தேதி, ஊர், ஐசோபுரொப்பைல் 80, இடது முன்னிறக்கை தனிச் சில்லில்.